வாடகை கொடாத குடித்தனக்காரர்கள்

புது வீடு கட்டிக் குடிபோகிறவர்கள் நல்ல நாள் பார்க்கிறார்கள். பசுவையும் கன்றையும் முதலில் உள்ளே அழைத்துச் செல்கிறார்கள். பால் காய்ச்சுகிறார்கள்; பந்துமித்திரர்களுக்கு வடை பாயசத்தோடு சாப்பாடு போடுகிறார்கள். அன்றிரவு விருந்தாளிகள் எல்லோரும் விடைபெற்றுச் சென்ற பிறகு, வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அப்பாடா! இனி இது நம் வீடு" என்று பெருமூச்சு விடுகிறார். பாவம், அவர் அறியாத விஷயம் ஒன்று உண்டு. அவரோடு கூடவே கோடானுகோடி ஜீவன்கள் அன்றைக்கே கிருகப் பிரவேசம் செய்துவிட்டன. அவை வாடகை கொடுப்பதில்லை. காலி செய்யச் சொன்னாலும் போவதில்லை.

பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்களையே சொல்லுகிறோம்.

இது கற்பனையன்று. அமெரிக்காவில் ஜாக் கில்பர்ட் என்னும் விஞ்ஞானியும் அவருடைய தோழர்களும் நடத்திய ஓர் ஆராய்ச்சி 2014-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஏழு குடும்பங்களைச் சேர்ந்த 18 பேர், ஆறு வார காலம், தங்கள் கை, பாதம், மூக்கு ஆகியவற்றையும், வீட்டின் கதவுப் பிடி, விளக்குப் பொத்தான், தரை, அடுக்களை மேடை ஆகியவற்றையும் பஞ்சுக் குச்சியால் துடைத்துத் துடைத்து ஆராய்ச்சிசாலைக்கு அனுப்பிவந்தார்கள். முடிவு என்னவென்றால், ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிப்பட்ட ஒரு நுண்ணுயிர்க் கூட்டம் இருக்கிறது. அந்தக் குடும்பம் வீடு மாறினால் கூட்டமும் மாறுகிறது. ஒரு நாளைக்குள் புது வீடு பழைய வீட்டைப்போல் ஆகிவிடுகிறது. வீடு மாறுகிற சமயத்தில் ஹோட்டலில் தங்க நேர்ந்தவர்களின் அறையும் அப்படியே. குடும்பத்தில் ஒருவர் சில நாள் ஊருக்குப் போய்விட்டால், அவர் விட்டுச்சென்ற கிருமிகளின் பங்கு வீட்டில் விரைவிலே குறைந்துவிடுகிறதாம். பிரிந்து சென்றவரை வீட்டிலுள்ள மனிதர்கள் மறப்பதற்கு முன்னால் சுவர்கள் மறந்துவிடுகின்றன!

அதற்கு அடுத்த ஆண்டு, ஏறக்குறைய 1,200 அமெரிக்க வீடுகளில் கதவு நிலையின் மேல் படிந்திருக்கும் தூசியைத் திரட்டி ஆராய்ந்தார்கள். பெருக்குகிறவர்களின் கண்ணுக்கு எப்போதும் தப்பிவிடும் இடம் அது என்பதை நம் நேயர்களில் ஸ்திரீகள் உடனே ஒப்புக்கொள்வார்கள். அந்தத் தூசியில், சராசரி வீடு ஒன்றுக்கு, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட வகை பாக்டீரியாக்களும் சுமார் இரண்டாயிரம் வகைப் பூசணங்களும் இருந்தன. தூசியை மட்டும் பார்த்தே அந்த வீட்டில் நாய் இருக்கிறதா இல்லையா என்று பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிட முடிந்ததாம்.

கிருமி என்றதும் முகம் சுளிப்பது நம் வழக்கமாகிவிட்டது. உண்மையில் இந்த ஐயாயிரத்தில் மிகப் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்யாதவை, சில உபகாரிகள். இட்லி மாவைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களை இராத்திரிதோறும் அழைத்து வேலை வாங்கிவிட்டுக் காலையில் ஆவியில் வேகவைத்துவிடுகிறோம். நன்றி கெட்ட செயல்தான். ஆனால் அவை வழக்குத் தொடுப்பதில்லை.

ஆயினும் இந்தக் கதைக்கு மற்றொரு பக்கம் உண்டு. வீடு என்பது மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கும் கூரையாக இருந்த காலம் போய்விட்டது. இயற்கையில் எங்குமே காணாத இடங்களை மனிதன் இப்போது கட்டுகிறான். சூரிய வெளிச்சமே படாமல் வெந்நீர் ஓடும் குழாய்கள், இரவு பகலாக ஜலத்தைத் தூவிக்கொண்டிருக்கும் கூரைக் கோபுரங்கள், வெளிக்காற்றே நுழையாத அறைகள் - இவை ஒவ்வொன்றும் ஆளில்லாத புதுத் தீவு போன்றவை. அந்தத் தீவில் யார் போய்க் குடியேறுவார் என்பதை, அறிந்தோ அறியாமலோ, கட்டுகிறவனே நிர்ணயித்துவிடுகிறான். அப்படி அறியாமல் நிர்ணயித்ததன் பலன் என்ன ஆயிற்று என்பதை 1976-ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரம் கண்டது.

அமெரிக்கா தன் சுதந்திரப் பிரகடனத்தை வெளியிட்டது 1776-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், பிலடெல்பியா நகரத்தில். எனவே இருநூறாவது ஆண்டு விழாவை அந்நகரம் வெகு விமரிசையாகக் கொண்டாடிக்கொண்டிருந்தது. அந்தக் கோலாகலத்தின் நடுவே, ஜூலை 21 முதல் 24 வரையில், 'அமெரிக்கன் லீஜியன்' என்னும் மாஜி போர்வீரர் சங்கத்தின் மாகாண மகாநாடு கூடிற்று. இடம், பிராட் வீதியில் இருந்த பெல்வியூ-ஸ்டிராட்போர்ட் ஹோட்டல். 1904-ல் திறக்கப்பட்ட அந்த மாளிகை ராஜாக்களும் ஜனாதிபதிகளும் தங்குவதற்குப் பெயர் போனது. யுத்தத்தில் குண்டுக்குத் தப்பி வந்த கிழச் சிப்பாய்கள், மனைவிமார்களோடு ஆயிரக்கணக்கில் வந்து, பழங்கதை பேசி, விருந்துண்டு, ஊர்வலம் போய், வீடு திரும்பினார்கள்.

திரும்பிய சில தினங்களுக்குள் மரணச் செய்திகள் வரத் தொடங்கின. கடுமையான காய்ச்சல், இருமல், நெஞ்சுவலி, பிறகு நியூமோனியா. ஓர் ஊரில் ஒருவர், மற்றோர் ஊரில் இருவர் என்று இறந்தபடியால் முதலில் யாருக்கும் சந்தேகம் தோன்றவில்லை. எல்லோரும் மகாநாட்டுக்குப் போய்வந்தவர்கள் என்பது தெரிந்தவுடன் தேசமே நடுங்கிற்று. மகாநாட்டுக்கு வந்தவர்களில் 182 பேர் நோயுற்றனர். அவர்களில் 29 பேர் மாண்டனர். அந்த ஹோட்டலுக்குள் காலடி எடுத்து வைக்காமல், வெளியே வீதியில் நடந்து போனவர்களுக்கும் காய்ச்சல் கண்டது. அவர்களையும் சேர்த்தால் 221 பேர் நோயாளிகள். 34 பேர் மரணம்.

காரணம் என்ன? அவ்வருஷம் பன்றிக் காய்ச்சல் வரப்போகிறது என்ற பீதி அமெரிக்காவில் பரவியிருந்தது, அதுதானோ என்று சோதித்தார்கள், இல்லை. நிக்கல் என்னும் உலோகத்தின் விஷப்புகையோ என்று சிலர் சொன்னார்கள், அதுவும் இல்லை. உணவு, குடிஜலம், பனிக்கட்டி எல்லாவற்றையும் பரிசோதித்தாயிற்று. நோயாளியிடமிருந்து வீட்டாருக்கு நோய் தொற்றவில்லை என்பது மட்டும் தெளிவாயிற்று. அமெரிக்க சர்க்காரின் நோய்த் தடுப்பு நிலையத்தின் நிபுணர்கள் மாதக்கணக்கில் தேடியும் குற்றவாளி அகப்படவில்லை. பத்திரிகைகள் பரிகாசம் செய்தன. நவம்பர் மாதத்தில் ஹோட்டல், வருவாரின்றிக் கதவைச் சாத்திக்கொண்டது. ஈ காக்கை கூட அணுகாத மாளிகையை எத்தனை நாள் திறந்து வைத்திருக்க முடியும்?

அந்நிலையத்தில் ஜோஸப் மெக்டேட் என்பவர் வேலை பார்த்துவந்தார். மாண்டவர்களின் நுரையீரலிலிருந்து எடுத்த பொருளைக் கினிப் பன்றிகளுக்குச் செலுத்தி அவர் பரீக்ஷை செய்திருந்தார். அப்போது பூதக்கண்ணாடியில் அங்கொன்று இங்கொன்றாகச் சிறு குச்சி போன்ற உருவங்கள் தென்பட்டன. 'எங்கிருந்தோ தற்செயலாக வந்து கலந்தவை' என்று அவற்றைத் தள்ளிவிட்டார். தள்ளிவிட்டாரேயொழிய, மனம் சமாதானம் அடையவில்லை. டிஸம்பர் மாதக் கடைசியில், மற்றவர்கள் கிறிஸ்துமஸ் விடுமுறையை அனுபவித்துக்கொண்டிருக்கையில், அவர் பழைய கண்ணாடித் தகடுகளை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடியும் பார்க்கத் தொடங்கினார். ஒரு மூலையில் அந்தக் குச்சிகள் கூட்டமாக இருந்தன. கோழி முட்டைக்குள் அவற்றை வளர்த்து, பிழைத்தெழுந்த நோயாளிகளின் ரத்தத்தோடு சேர்த்துப் பார்த்தபோது, அந்த ரத்தம் தன் பகைவனை அடையாளம் கண்டுகொண்டது. 1977-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் தேதி உலகத்துக்குச் செய்தி அறிவிக்கப்பட்டது. போர்வீரர் சங்கத்தின் பெயரே அந்தக் கிருமிக்கும் வாய்த்தது: லீஜியோனெல்லா. அது செத்த வீரர்களுக்குக் கௌரவமா அல்லவா என்று நமக்கு நிச்சயமாய்ச் சொல்லத் தெரியவில்லை.

இத்தனை நாள் இது ஏன் யார் கண்ணிலும் படவில்லை? ஆராய்ச்சிசாலைகளில் கிருமிகளுக்கு வழக்கமாக வைக்கும் உணவை அது தொடுவதில்லை. இரும்புச் சத்தும் வேறு சில தனிப் பொருள்களும் சேர்த்துப் பக்குவம் செய்தால்தான் உண்ணுகிறது. சாப்பாட்டில் இவ்வளவு ஆசாரம் பார்க்கும் கிருமி, வெளியுலகத்தில் எப்படி உயிர் வாழ்கிறது? இதற்கு விடையை 1980-ல் இங்கிலாந்தில் ரௌபாதம் என்பவர் கண்டுபிடித்தார். ஆறு குளங்களின் ஜலத்தில் 'அமீபா' என்னும் ஒற்றையணுப் பிராணி இருக்கிறது. பாக்டீரியாக்களை விழுங்கிப் பசியாறுவது அதன் தொழில். லீஜியோனெல்லாவையும் அது விழுங்குகிறது. ஆனால் விழுங்கப்பட்டது ஜீரணமாவதில்லை. உள்ளேயே இருந்து பெருகி, விழுங்கியவனைக் கொன்று, கூட்டமாக வெளியே வருகிறது. நம் நுரையீரலிலும் அந்நியக் கிருமிகளை விழுங்கும் காவல் அணுக்கள் இருக்கின்றன. அவை நடந்துகொள்ளும் விதம் அமீபாவைப் போன்றதே. குளத்தில் பழகிய வித்தையை அந்தக் கிருமி மனிதன் மார்பில் அப்படியே பிரயோகிக்கிறது.

இயற்கையான ஆற்றிலும் ஏரியிலும் இது சொற்பமாகவே இருக்கிறது, யாரையும் கொல்லுவதில்லை. அதற்கு ராஜ்யம் கட்டிக் கொடுத்தவர்கள் பொறியியல் நிபுணர்கள். பெரிய கட்டிடங்களைக் குளிரவைக்கும் யந்திரங்கள், உள்ளிருக்கும் உஷ்ணத்தை ஜலத்தில் ஏற்றிக் கூரைக்கு அனுப்புகின்றன. அங்கே ஒரு கோபுரத்தில் அந்த ஜலம் மழைபோல் கொட்டுகிறது. விசிறிகள் காற்றை வீசுகின்றன. ஒரு பகுதி ஆவியாகிப் போக, மிச்சம் குளிர்கிறது. கோடையில் நம் வீட்டு மண்பானை ஜலம் குளிர்வதற்கு எது காரணமோ அதுவேதான் இதற்கும் காரணம். ஆனால் மண்பானை தூறல் போடுவதில்லை. கோபுரமோ மிக நுண்ணிய திவலைகளைக் காற்றில் ஊதிவிடுகிறது. அந்த ஜலம் வெதுவெதுப்பானது. லீஜியோனெல்லா செழித்துப் பெருகுவதற்கு வேண்டியது உடம்புச் சூட்டை ஒட்டிய அந்த வெதுவெதுப்பே. போதாக்குறைக்குத் துருவும் பாசியும் அமீபாவும் அங்கே தங்குகின்றன. பிலடெல்பியாவில் நோய் புறப்பட்ட இடத்தை நிச்சயமாகக் கண்டுபிடிக்க முடியாமற் போயிற்று. எனினும் ஹோட்டலின் கூரைக் கோபுரத்தின்மேல்தான் எல்லோருடைய சந்தேகமும் விழுந்தது. பின்னாட்களில் நடந்த எத்தனையோ சம்பவங்களில் அந்தச் சந்தேகம் ஊர்ஜிதமாயிற்று.

முன்னாலும் நடந்திருக்கிறது என்பதுதான் இன்னும் வேடிக்கை. 1968-ஆம் ஆண்டில் மிச்சிகன் மாகாணத்துப் பான்டியாக் நகரத்தில் ஒரே காரியாலயத்தில் வேலை செய்தவர்களும் அங்கு வந்தவர்களுமாக 144 பேர் திடீரென்று காய்ச்சலில் படுத்தார்கள். நல்ல வேளையாக யாரும் சாகவில்லை. ஆராய வந்த வைத்தியர்களும் உள்ளே போய்விட்டுப் படுத்துக்கொண்டார்கள். குளிர்சாதன யந்திரத்தை நிறுத்தினால் நோய் நின்றது. காரணம் அப்போது விளங்கவில்லை. ஒன்பது வருஷம் கழித்து, பத்திரப்படுத்தி வைத்திருந்த ரத்தத்தைச் சோதித்ததில், அதே கிருமி என்று தெரிந்தது. அந்தக் கட்டிடம் யாருடைய காரியாலயம் என்று நினைக்கிறீர்கள்? ஜில்லாச் சுகாதார இலாகாவின் தலைமைக் காரியாலயம்!

குளிர்சாதனக் கோபுரம் மட்டும் என்று எண்ண வேண்டாம். ஹாலந்து தேசத்தில் 1999-ல் நடந்த ஒரு புஷ்பக் கண்காட்சியில், விற்பனைக்காகக் காட்டி வைத்திருந்த நீர்ச்சுழல் தொட்டி ஒன்று வெந்நீர்த் திவலைகளை வாரி இறைத்தது. பூப் பார்க்கப் போனவர்களில் ஏறக்குறைய இருநூறு பேர் நோயுற்றனர், பலர் இறந்தனர். வெந்நீர்க் கொதிகலங்களை 60 டிகிரிக்குக் குறையாமல் வைக்க வேண்டும், குளிர்ந்த ஜலம் 20 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று மேனாடுகளில் விதி செய்திருப்பது இதனால்தான். மொட்டை மாடித் தொட்டியில் வெயில் காய்ந்த ஜலம் நம் ஊரில் எத்தனை டிகிரி இருக்கும் என்பதைப் பங்குனி, சித்திரையில் நடுப்பகலில் குழாயைத் திறந்தவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பீதி கொள்ளச் சொல்லவில்லை. தொட்டியைக் காலாகாலத்தில் கழுவி மூடிவைக்கச் சொல்லுகிறோம். வீட்டு ஜன்னலில் பொருத்தும் சாதாரணக் குளிர்சாதனப் பெட்டி ஜலத்தைத் தூவிக் குளிரவைக்கும் கோபுர ஜாதியைச் சேர்ந்ததன்று; அதன்மேல் இந்தப் பழியைச் சுமத்த வேண்டாம்.

ஜலத்தின் கதை இது. காற்றின் கதையும் ஏறக்குறைய இதே மாதிரிதான். ஆனால் அதில் சாவு இவ்வளவு வெளிப்படையாகத் தெரிவதில்லை.

சிக்காகோ சர்வகலாசாலையார் 2013-ஆம் ஆண்டில் ஒரு புது ஆஸ்பத்திரியைத் திறந்தார்கள். திறப்பதற்கு முன்பிருந்தே அதன் தரை, படுக்கைக் கம்பி, குழாய், தாதிகளின் கை எல்லாவற்றிலிருந்தும் ஒரு வருஷம் விடாமல் கிருமிகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். நோயாளிகள் வருமுன் இருந்த கிருமிகள் வேறு; கதவு திறந்த பிறகு, மனிதத் தோலில் வாழ்பவை வந்து அவற்றைத் துரத்திவிட்டன. புதிதாக வந்து சேரும் நோயாளியின் மேல் முதல் நாள் அறையின் கிருமிகள் ஏறுகின்றன. அடுத்த நாளிலிருந்து அறை நோயாளியைப் போல ஆகிவிடுகிறது. ஆகவே ஆஸ்பத்திரி அறைக்குள் வெளியிலிருந்து யார் வருகிறார்கள் என்பது முக்கியமான கேள்வியாகிறது. வெளிக்காற்று வந்தால் நல்லதா, கெட்டதா?

கெட்டது என்றுதான் இக்காலத்துக் கட்டிடக் கலைஞர்கள் தீர்மானித்து ஜன்னல்களைத் திருகி மூடிவிட்டார்கள். அமெரிக்காவில் ஆரிகன் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள், அந்த மாகாணத்தின் ஆஸ்பத்திரி ஒன்றில், யந்திரக் காற்று வரும் அறைகளையும் ஜன்னல் திறந்த அறைகளையும் ஒப்பிட்டு, 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். யந்திரக் காற்று வந்த அறைகளில் கிருமி வகைகள் குறைவு. ஆனால், மனிதனுக்கு நோய் தரும் கிருமிகளின் நெருங்கிய உறவினர்கள் வெளிக்காற்றைவிட உள்ளேதான் அதிக விகிதத்தில் இருந்தன. காற்றோட்டம் குறைந்த அறைகளில் இன்னும் அதிகம். வெளியிலிருந்து வருபவை மண்ணையும் இலையையும் சேர்ந்த சாதுக்கள். அவை வராவிட்டால் மனிதர்களிடமிருந்து உதிர்ந்தவையே மிஞ்சுகின்றன. இதனால் ஜன்னல் திறந்த அறையில் நோயாளி சீக்கிரம் குணமடைந்தான் என்று அவர்கள் நிரூபிக்கவில்லை; அதை நாமும் சொல்லவில்லை. ஆனால் கிரிமியா யுத்தத்தில் காயமடைந்த சிப்பாய்களுக்குப் பணிவிடை செய்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், ஜன்னலைத் திற, ஜன்னலைத் திற என்று ஆயுள் முழுவதும் ஓயாமல் வற்புறுத்தி வந்தார். கெட்ட காற்றே நோயைக் கொண்டுவருகிறது என்ற பழைய கொள்கையை நம்பி அவர் அப்படிச் சொன்னார். கொள்கை பிழையாய்ப் போயிற்று, ஜன்னல் பிழையாகவில்லை.

வெளிச்சத்தையும் அவர் அப்படியே புகழ்ந்தார். 2018-ல் அதே ஆரிகன் சர்வகலாசாலையில் பொம்மை வீடு போன்ற சிற்றறைகள் செய்து, வீட்டுத் தூசியைப் போட்டு, சிலவற்றை வெயிலிலும் சிலவற்றை இருட்டிலும் மூன்று மாதம் வைத்துப் பார்த்தார்கள். இருட்டறைத் தூசியில் நூற்றுக்குப் பன்னிரண்டு பாக்டீரியாக்கள் உயிரோடிருந்தன. கண்ணாடி வழியாகப் பகல் வெளிச்சம் பட்ட தூசியில் நூற்றுக்கு ஏழுதான்.

சரி, ஜன்னலை மூடிவிட்டாலும், மருந்து போட்டுத் தேய்த்து எல்லாவற்றையும் கொன்றுவிடலாமே என்று கேட்கலாம். அப்படிக் கொல்லும் முயற்சியில் மனிதன் எவ்வளவு தூரம் போயிருக்கிறான் என்பதைப் பார்க்க வேண்டுமானால், ஆகாயக் கப்பல்களைப் பூட்டும் அறைகளுக்குத்தான் போக வேண்டும். செவ்வாய்க் கிரகத்துக்குப் போகும் கப்பலில் பூமியின் கிருமி ஒட்டிக்கொண்டு போய்விட்டால், அங்கே உயிர் இருந்ததா என்ற ஆராய்ச்சியே கெட்டுவிடும். ஆகையால் அந்த அறைகளில் காற்றை வடிகட்டுகிறார்கள். தரையை மருந்தால் துடைக்கிறார்கள். வேலைக்காரர்கள் கண் தவிர மற்றெல்லாம் மூடிய வெள்ளை உடையோடு நடமாடுகிறார்கள். மடி ஆசாரம் என்று நம் பாட்டிமார் சொன்னது இதன் முன் நிற்காது.

அப்படிப்பட்ட அறை ஒன்றில், பிளாரிடாவில், 2007-ஆம் ஆண்டில் 'பீனிக்ஸ்' என்னும் செவ்வாய்க் கப்பலைத் தயார் செய்தபோது ஒரு புது பாக்டீரியா அகப்பட்டது. இரண்டு வருஷம் கழித்துச் சுமார் 4,000 கிலோமீட்டருக்கு அப்பால், தென் அமெரிக்காவின் கூரூ என்ற இடத்தில் ஐரோப்பியர்களின் அதே மாதிரியான அறையிலும் அது அகப்பட்டது. 2013-ல் அதற்குப் பெயரிட்டபோது, உலகத்தில் வேறெங்குமே அதைக் கண்டவர் இல்லை. வேறு கிருமிகளுக்குப் பட்டினிச் சாவு நேருகிற இடத்தில் அது சுகமாகக் காலட்சேபம் செய்கிறது. அதைவிடக் கெட்டிக்காரர்களும் உண்டு. அத்தகைய அறைகளில் கிடைத்த 'அஸினெடோபாக்டர்' என்னும் இனத்தவை, தரையைத் துடைக்கும் சாராயத்தையும் சவர்க்கார நீரையுமே உணவாகக் கொள்ள வல்லவை என்று கலிபோர்னியாவில் ஒரு கலாசாலை மாணவர்களும் ஆசிரியர்களும் 2018-ல் காட்டினார்கள். துடைப்பத்தையே தின்கிறவனை எதைக் கொண்டு பெருக்குவது?

இது ஆகாயக் கப்பலோடு முடிந்திருந்தால் நாம் இவ்வளவு காகிதத்தைச் செலவிட்டிருக்க மாட்டோம். ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்து விஞ்ஞானிகள், ஆஸ்பத்திரியின் கவலைக்கிடமான நோயாளிகள் அறை, சுத்த அறைகள், சாதாரண வீடுகள், பொதுக் கட்டிடங்கள் ஆகியவற்றை ஒப்பிட்டு 2019-ல் வெளியிட்ட முடிவைப் படித்தபோது நமக்குச் சற்றுத் திடுக்கிட்டது. சுத்தம் செய்வதில் கண்டிப்பு ஏற ஏற, கிருமி வகைகள் குறைகின்றன. ஆனால் மிஞ்சியவற்றிடம், மருந்துகளை எதிர்த்து நிற்கும் சக்தி அதிகமாக இருக்கிறது. ஊரிலுள்ள சாதுக்களையெல்லாம் நாடு கடத்திவிட்டால், கடைசியில் ஒளிந்து தப்பும் திருடர்கள் கையில்தானே ஊர் இருக்கும்?

சுத்தமே வேண்டாம் என்பது இதன் பொருளன்று. பிரசவ வார்டில் வைத்தியர்கள் கைகழுவினால் தாய்மார்கள் பிழைக்கிறார்கள் என்று 1847-ல் வியன்னாவில் ஸெம்மல்வைஸ் காட்டியது இன்றைக்கும் சத்தியம். காலராவையும் டைபாய்டையும் ஒழித்த நாடுகள் குழாயாலும் சாக்கடையாலுமே ஒழித்தன. நாம் சந்தேகப்படுவது, கைகழுவும் சவர்க்காரத்தில் விஷமருந்து கலந்து, 'கிருமிகளை அடியோடு ஒழிப்பது' என்று விளம்பரம் செய்து விற்பதை. அப்படிக் கலக்கும் 19 மருந்துகளை அமெரிக்க சர்க்கார் 2016-ல் வீட்டுச் சவர்க்காரங்களிலிருந்து விலக்கிவிட்டார்கள். வெறும் சவர்க்காரத்தையும் ஜலத்தையும்விட இவை மேலானவை என்பதை நிரூபியுங்கள் என்று கேட்டார்கள். வியாபாரிகளால் நிரூபிக்க முடியவில்லை.

அதே 2016-ல் வெளியான இன்னொரு ஆராய்ச்சியைக் குழந்தைகளுள்ள குடும்பத்தார் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரு சமூகத்தார் இருக்கிறார்கள். இருவரும் ஐரோப்பாவிலிருந்து வந்த விவசாயிகள். உணவிலும் ஒழுக்கத்திலும் பெருங் குடும்பத்திலும் ஒத்தவர்கள். ஆமிஷ்காரர்கள் யந்திரத்தைத் தொடாமல், குதிரை பூட்டி உழுது, வீட்டையடுத்தே தொழுவம் வைத்திருக்கிறார்கள். ஹட்டரைட்டுகள் யந்திரங்கள் வைத்துப் பெரும் பண்ணை நடத்துகிறார்கள். மாடுகள் வீட்டுக்குத் தூரத்தில். ஹட்டரைட் குழந்தைகளில் நூற்றுக்கு இருபத்தொருவருக்குக் காசநோயன்று, இழுப்பு நோய் - ஆஸ்துமா - இருக்கிறது. ஆமிஷ் குழந்தைகளில் நூற்றுக்கு ஐவருக்குத்தான். வீட்டுத் தூசியைத் திரட்டிப் பார்த்தபோது, ஆமிஷ் வீடுகளில் பாக்டீரியாக்களின் உடற்பொருள் ஒன்று சுமார் ஏழு மடங்கு அதிகமாக இருந்தது. அந்தத் தூசிச் சாரத்தைச் சுண்டெலிகளின் மூக்கில் விட்டார்கள். ஆமிஷ் தூசி பெற்ற எலிகளுக்கு இழுப்பு வரவில்லை. தொழுவத்து வாசனை வேண்டாம் என்று மாட்டை ஊருக்கு வெளியே அனுப்பியவர்கள், மாட்டோடு கூட எதை அனுப்பினார்கள் என்பதை அறியவில்லை.

கதை தொடங்கிய குளிர்சாதனக் கோபுரத்துக்குத் திரும்புவோம். பிலடெல்பியா சம்பவம் நடந்து முப்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 2015-ஆம் ஆண்டு கோடையில், நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் பகுதியில் அதே நோய் கிளம்பிற்று. 138 பேர் படுத்தார்கள். 16 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் ஏழைகள் வாழும் பகுதி அது. நகரத்தில் மொத்தம் எத்தனை கோபுரங்கள் இருக்கின்றன, எந்தெந்தக் கூரைமேல் இருக்கின்றன என்ற ஜாபிதாகூட அதிகாரிகளிடம் அன்று இல்லை. இரத்தப் பரிசோதனையில் வல்ல நகரம், தன் மாடிகளை எண்ணிப் பார்த்ததில்லை! அவசரம் அவசரமாகச் சட்டம் செய்து, கோபுரங்களையெல்லாம் பதிவு செய்யச் சொல்லி, உடனே கழுவி மருந்திட வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். உத்தரவு நிறைவேறிற்று.

செப்டம்பர் கடைசியில் அதே பிராங்க்ஸில், மாரிஸ் பார்க் என்னும் பேட்டையில், மறுபடி 15 பேருக்கு நோய் கண்டது; ஒருவர் இறந்தார். அங்கிருந்த கோபுரங்களைச் சோதித்ததில் பதினைந்தில் லீஜியோனெல்லா இருந்தது. அவை அத்தனையும், இரண்டு மாதத்துக்குள்ளாக, உத்தரவுப்படி கழுவி மருந்திடப்பட்டவை.